கேட்போரும் பேசுவோரும்: பேர்லின் கூரைகளில் ஒரு வானலை வரலாறு

கேட்கும் உரிமை வேறு. பேசும் உரிமை வேறு. முதலாவதை ஆளும் வர்க்கங்கள் பெரும்பாலும் தாராளமாகவே வழங்கி வந்துள்ளன. சில வேளைகளில் மலிவு விலைக்கும் விற்றுள்ளன. இரண்டாவதையோ அவை தாமாக மனமுவந்து வழங்கியதாகச் சொல்வதற்கில்லை. வானலையின் வரலாற்றை நோக்குவோர்க்கு இவ்வுண்மை தெளிவாகப் புலப்படும்.

அச்சியந்திரத்தின் வரலாறு நமது மாணவர்களுக்கு ஓரளவு பழக்கமானது. அச்சுரிமைக்காக நடந்த போராட்டங்களை வகுப்பறையில் நாம் பேசுகிறோம். வானலையின் வரலாறு அவ்வாறு பேசப்படுவதில்லை. அது விஞ்ஞானிகளின் வாழ்க்கைக் குறிப்புகளாகப் பாடநூல்களிற் சுருங்கிக் கிடக்கிறது. மார்க்கோனியின் பெயரோடு கதை முடிந்துவிடுகிறது. கண்டுபிடிக்கப்பட்ட பொருள் யார் கைக்குப் போயிற்று, யார் கையிலிருந்து பறிக்கப்பட்டது, பறிகொடுத்தவர் பின்னர் என்ன செய்தனர் என்னும் வினாக்கள் எழுப்பப்படாமலே போகின்றன.

இவ்வினாக்களுக்கு விடை தேடும் பொருட்டு ஒரு நகரத்தின் கதையை இங்கே எடுத்துக்கொள்வோம். அந்நகரம் பேர்லின். 2002 ஆம் ஆண்டு தொடக்கம் அந்நகரவாசிகள் சிலர் தம் வீட்டுக் கூரைகளிற் சிறு கருவிகளைப் பொருத்தி, வீட்டுக்கு வீடு கம்பி இழுக்காமலும் கம்பனியின் தயவை நாடாமலும் தமக்கென ஒரு செய்தி வலையைப் பின்னத் தொடங்கினர். 'பிரைஃபுங்க்' என்று அதற்குப் பெயரிட்டனர். கட்டற்ற வானலை என்பது அதன் பொருள். அம்முயற்சியைச் சில கணினி ஆர்வலரின் பொழுதுபோக்கென்று கொள்வோரும் உளர். அது தவறு. அதன் முழுப் பொருளை விளங்கிக்கொள்வதற்கு நாம் 84 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1918 நவம்பர் 9 ஆந் திகதி ஜேர்மனியில் முடியாட்சி வீழ்ந்தது. அன்றே பேர்லினிற் புரட்சிப் படையினர் வொல்ஃப் தந்திச் செய்தி நிலையத்தைக் கைப்பற்றிப் புரட்சியின் வெற்றியை அறிவித்தனர். போர்முனைகளில் வானலைத் தந்திக் கருவிகளை இயக்கிப் பழகிய சிப்பாய்கள், தமக்கென ஒரு மத்திய வானலைப் பணிமனையை நிறுவி, இராணுவத்தின் நிலையங்களைத் தம் சபைகளின் கீழ் ஒரே வலையாக இயக்க முயன்றனர். கருவியை இயக்கத் தெரிந்தவரே கருவியின் உரிமையையும் கோரினர் என்பதே இந்நிகழ்ச்சியின் சாரம். வரலாற்றாசிரியர் இதனை 'ஃபுங்கர்ஸ்பூக்' என்பர். வானலைக்காரரின் பேயாட்டம் என்று அதனைத் தமிழ்ப்படுத்தலாம். யாருடைய கண்ணுக்கு அது பேயாகத் தோன்றியது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

அப்பேயாட்டம் நீடிக்கவில்லை. 1919 இல் வானலை அஞ்சற்றிணைக்களத்தின் கைக்குச் சென்றது. 1923 ஒக்ரோபர் 29 ஆந் திகதி பேர்லினின் வொக்ஸ் மாளிகையிலிருந்து பொதுமக்களுக்கான வானொலி ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. ஆனால் 1918 இன் அனுபவத்தை அரசு மறந்துவிடவில்லை. ஐந்து மாதங்கள் கழியுமுன், 1924 மார்ச்சு மாதத்திற் பிறப்பிக்கப்பட்ட அவசரகாலச் சட்டம், அனுமதியின்றி வானலைக் கருவி வைத்திருப்பதைச் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. பேசுங் கருவி மட்டுமன்று, கேட்குங் கருவியும் அச்சட்டத்துள் அடங்கியது. மக்கள் கட்டணஞ் செலுத்திக் கேட்கலாம்; பேசலாகாது. ஜேர்மானிய வானொலியின் பிறப்புச் சாசனம் இதுவே எனலாம்.

அதே 1924 இல் பேர்லினில் தொழிலாளர் வானொலிக் கழகம் தோன்றியது. கடையில் விற்ற பெட்டியை வாங்க வசதியற்ற தொழிலாளர், உறுப்புகளை வாங்கித் தம் கையாலேயே பெட்டிகளைச் செய்யக் கற்றனர். ஒருவர் கற்றதை மற்றவர்க்குக் கற்பித்தனர். விரைவில் அவர்களுடைய கோரிக்கை பெட்டியைக் கடந்து சென்றது. ஒலிபரப்பில் தொழிலாளர்க்கும் பங்கு வேண்டும், தொழிலாளர்க்கென ஒரு நிலையம் வேண்டும் என்று அவர்கள் கேட்டனர். அந்நிலையம் அவர்களுக்கு ஒருபோதும் கிடைக்கவில்லை. 1929 இல் சமூக ஜனநாயகவாதிகளுக்கும் பொதுவுடைமையாளருக்குமிடையே இயக்கம் பிளவுண்டது. 1933 இல் நாசிகள் அதனை முற்றாக அழித்தனர். பிளவின் கசப்பையும் அழிவின் விரைவையும் ஒருங்கே நோக்கின், இடதுசாரிகளாகிய நாம் அதிலிருந்து கற்க வேண்டியது இன்றும் உண்டு.

நாடகாசிரியர் பேர்டோல்ட் பிரெக்ட்டை நமது வாசகர் நன்கறிவர். அவர் வானொலியைப் பற்றிச் சிந்தித்தவர் என்பது அத்துணை பரவலாக அறியப்படவில்லை. 1929 இல் பாடன்-பாடன் இசைவிழாவில் அவருடைய வானொலி நாடகமொன்று மேடையிலேயே செயல்முறையாக விளக்கிக் காட்டப்பட்டது. மேடையின் ஒரு பாதியில் வானொலி. மறு பாதியில் கேட்பவர். விமானியின் பாத்திரத்தைக் கேட்பவரே ஏற்றுப் பாடினார். 1932 இல் ஆற்றிய உரையொன்றில் பிரெக்ட் இக்கருத்தை மேலும் விரித்துரைத்தார். வானொலி ஒருபக்கக் கருவியாக இருக்கிறது; அது பகிர்ந்தளிக்கிறதேயன்றித் தொடர்பை ஏற்படுத்துவதில்லை; கேட்பவனைப் பேசவும் வைக்கும்படி அதனை மாற்றியமைத்தல் வேண்டும் என்பது அவ்வுரையின் உட்பொருள். இம்மாற்றம் நடைமுறையிலிருந்த சமுதாய அமைப்பினுள் நிறைவேறாது என்பதையும் அவர் அறிந்தே இருந்தார்.

மறு ஆண்டே வரலாறு எதிர்த்திசையிற் சென்றது. 1933 ஓகஸ்ட் மாதம் பேர்லின் வானொலிக் கண்காட்சியில் 'மக்கள் வானொலிப் பெட்டி' அறிமுகமாயிற்று. அதன் விலை 76 மார்க். ஏனைய பெட்டிகளோடு ஒப்பிடின் மிகக் குறைவு. ஹிட்லர் பதவியேற்ற ஜனவரி 30 ஆந் திகதியை நினைவுகூர அதன் இலக்கத்தை 301 என வைத்தனர். வீட்டுக்கு வீடு பெட்டி சென்றது. வீட்டுக்கு வீடு ஒரே குரலும் சென்றது. 1939 செப்ரெம்பரில் போர் மூண்டதும் அந்நிய நிலையங்களைக் கேட்பதும் குற்றமாயிற்று. மலிவான கருவி மக்களை விடுவித்துவிடும் என்று நம்புவோர் இந்நிகழ்ச்சியைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தல் வேண்டும். கருவியின் விலையன்று, கருவியிற் குரல் செல்லும் திசையே முதன்மையானது.

இனி, பிரெக்ட் விரும்பிய இருபக்கக் கருவி எவ்வாறு மக்கள் கையை அடைந்தது என்பதை நோக்குவோம். அது எவருடைய நல்லெண்ணத்தாலும் நேர்ந்ததன்று. 1985 இல் ஐக்கிய அமெரிக்காவின் தொடர்பாடல் ஆணைக்குழு, சில அலைவரிசைகளை உரிமப் பத்திரமின்றி எவரும் பயன்படுத்தலாம் என்று அனுமதித்தது. நுண்ணலை அடுப்புகளும் தொழிற்சாலைக் கருவிகளும் இரைச்சலை எழுப்பிக்கொண்டிருந்தமையால் வணிக நிறுவனங்கள் பெரிதும் விரும்பாதிருந்த பகுதிகள் அவை. ஊரின் நல்ல நிலமெல்லாம் பங்கிடப்பட்டபின் எஞ்சிய தரிசு என்று அவற்றைச் சொல்லலாம். அத்தரிசில் முளைத்ததே இன்று நாம் வைஃபை என வழங்கும் முறை. அதன் முதல் நியமம் 1997 இலும், பரவலாக விலைபோன வடிவம் 1999 இலும் வெளிவந்தன. கணினிக்கும் கணினிக்குமிடையே கம்பியை ஒழிப்பதே அதனை உருவாக்கிய கம்பனிகளின் நோக்கம். எனினும் அச்சிறு கருவி ஒவ்வொன்றும் கேட்பது மட்டுமன்றிப் பேசவும் வல்லது. 1924 இன் சட்டம் பிரித்து வைத்த இரண்டையும் அது ஒன்றாக்கிவிட்டது.

கருவி மட்டும் வரலாற்றைச் செய்வதில்லை, தேவையும் வேண்டும். அத்தேவை கிழக்குப் பேர்லினில் ஒரு விந்தையான முறையிற் பிறந்தது. 1990 இல் இரு ஜேர்மனிகளும் இணைந்தபின், கிழக்குப் பகுதிக்குப் புதிய தொலைபேசி இணைப்புகள் அவசரமாக வேண்டப்பட்டன. பழைய செப்புக் கம்பிக்குப் பதிலாக, அக்காலத்தில் மிக நவீனமெனக் கருதப்பட்ட ஒளியிழைகள் பல பகுதிகளிற் பதிக்கப்பட்டன. 1999 இல் ஜேர்மனியில் டீ.எஸ்.எல். எனப்படும் அதிவேக இணையச் சேவை விற்பனைக்கு வந்தது. அச்சேவையோ செப்புக் கம்பியில் மட்டுமே ஓடக்கூடியது. ஆகவே பழைய கம்பியுடைய மேற்கு வீடுகளுக்கு வேக இணையம் கிடைத்தது. புதிய இழை பெற்ற பிரீட்ரிக்ஸ்ஹைன் போன்ற கிழக்குப் பகுதிகளுக்குக் கிடைக்கவில்லை. நவீனமயமாக்கலே பின்தங்கலுக்குக் காரணமாயிற்று. குறையைத் திருத்துவதற்கு ஆகும் செலவைக் கம்பனி கணக்கிட்டது. கணக்கின் விடை குடியிருப்பாளர்க்குச் சாதகமாக இருக்கவில்லை.

இதே காலத்தில், 2000 ஆம் ஆண்டளவில், இலண்டனில் ஜேம்ஸ் ஸ்டீவன்ஸ், ஜூலியன் பிறீஸ்ற் ஆகியோர் 'கொன்ஸ்யூம்' என்னும் திட்டத்தை முன்வைத்தனர். அயலவர் ஒருவரோடொருவர் கூரை வழியாக இணைந்துகொண்டால், தொலைபேசிக் கம்பனியின் கம்பிக்கு வாடகை கொடுக்க வேண்டியதில்லை என்பதே அதன் அடிப்படை. 2002 ஒக்ரோபரில் இலண்டன்காரரும் பேர்லின்காரரும் பேர்லினிற் கூடிப் பேசினர். பிரைஃபுங்க் அக்கூட்டத்தின் விளைவாகும்.

அவர்கள் பின்னிய வலையின் இயல்பை எளிமையாக விளக்குதல் இங்கு பொருந்தும். வழக்கமான அமைப்பில் ஒரு கோபுரம் நடுவில் நிற்கும். எல்லோரும் அதனோடு மட்டுமே பேசுவர். கோபுரம் சாய்ந்தால் எல்லோரும் ஊமையர். பின்னல் வலையில், ஆங்கிலத்தில் மெஷ் என்பர், நடு என்று ஒன்றில்லை. ஒவ்வொரு கூரைக் கருவியும் தன் அயற் கருவிகளோடு பேசும். தனக்கு வந்த செய்தியைத் தான் பெற்றுக்கொள்ளும். பிறர்க்குரிய செய்தியை அடுத்த கூரைக்குக் கடத்தும். மீன்வலையின் ஒரு கண் அறுந்தாலும் வலை முழுவதும் அவிழ்ந்துவிடாது. அது போலவே இங்கும் ஒரு கூரை ஓய்ந்தால் செய்தி வேறு கூரைகளைச் சுற்றிச் செல்லும்.

இதனை அமைப்பதற்கு வேண்டியவை அதிகமல்ல. 2002 இறுதியில் லிங்க்சிஸ் கம்பனி விற்பனைக்கு விட்ட ஒரு சிறிய ரவுட்டரின் உள்ளே, கட்டற்ற மென்பொருளாகிய லினக்ஸ் இயங்குவதை 2003 இற் சிலர் கண்டுகொண்டனர். லினக்சின் உரிம விதிப்படி மூலநிரலை வெளியிடுமாறு கம்பனியை வற்புறுத்தினர், அதுவும் வெளியிட்டது. அதிலிருந்து 2004 இல் 'ஓப்பன் டபிள்யூ.ஆர்.ரி.' என்னும் மென்பொருள் பிறந்தது. பேர்லின் தோழர்கள் அதனைத் தம் தேவைக்கேற்பத் திருத்தி, கடையில் வாங்கிய கருவியின் மூளையை மாற்றினர். மழை புகாத பெட்டியிற் கருவியை வைத்துக் கூரையில் ஏற்றினர். அதற்கு வேண்டிய மின்சாரத்தைச் செய்தி செல்லும் அதே கேபிள் வழியாக மேலே அனுப்பினர். அன்ரனா வாங்கப் பணமில்லாதோர் தகரப் பேணியை வெட்டி அன்ரனாவாக்கினர். இவ்வலைகள் சுவரிலும் நனைந்த இலைச்செறிவிலும் பெரிதும் நலிந்துவிடும்; ஆதலால் ஒரு கூரையிலிருந்து மறு கூரை கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் பிறிதொன்றோடு மோதாத இலக்கம் ஒன்று வேண்டும். அதனைப் பொதுப் பட்டியலிற் பதிந்துகொண்டனர்.

முதலில் அவ்வலை ஒழுங்காக இயங்கவில்லை என்பதையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். செய்திக்கு வழி காட்டும் பொறுப்பை அவர்கள் 'ஓ.எல்.எஸ்.ஆர்.' என்னும் முறையிடம் ஒப்படைத்திருந்தனர். 2003 இல் நியமமாக வெளியிடப்பட்ட அம்முறையில் ஒவ்வொரு கருவியும் இரண்டு வினாடிக்கொரு முறை அயலவர்க்கு வணக்கஞ் சொல்லும். யார் யார் விடையளிக்கிறார் என்று கணக்கு வைக்கும். குறைந்த எண்ணிக்கையான தாவல்களையுடைய வழியைத் தேர்ந்தெடுக்கும். ஏட்டில் இது சரி. கூரையிலோ, தாவல் குறைந்த வழி என்பது தொலைவு மிகுந்த வழியாகவும் நலிந்த வழியாகவும் இருந்தது. எட்டியும் எட்டாமலும் கேட்கும் குரலை நம்பிச் செய்திகள் நடுவழியில் அழிந்தன. மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவக ஆய்வாளர்கள் 2003 இல் முன்வைத்த ஓர் அளவுகோலைப் பேர்லின்காரர் எடுத்துக்கொண்டனர். ஒரு செய்தி பிழையின்றிச் சென்று சேர்வதற்குச் சராசரியாக எத்தனை முறை அனுப்ப நேரும் என்பதே அவ்வளவு. இதன்பின், எட்டாத் தொலைவிலுள்ள ஒருவரை விட, அருகருகேயுள்ள உறுதியான பலரை நம்பி வலை வழி தேடிற்று. 2006 அளவில் தமக்கெனவே வேறொரு முறையை ஆக்கவும் தொடங்கினர். அதில் எந்தக் கருவிக்கும் நகரத்தின் முழுப் படம் தேவையில்லை. இன்ன இடத்துக்குப் போக எந்த அயலவரிடம் கொடுத்தால் நல்லது என்பதை மட்டும் அறிந்திருந்தாற் போதும். 'பட்மன்' எனப்படும் அம்முறையின் பிந்திய வடிவம் 2011 இல் லினக்சின் கருவிலேயே சேர்க்கப்பட்டது. கூரையிற் பட்ட பாடு உலகப் பொதுச் சொத்தாயிற்று.

இன்னொரு இடர்ப்பாடும் இருந்தது. ஒரே அலைவரிசையில் ஒரு கருவி பேசிக்கொண்டிருக்கும்போது கேட்க முடியாது. ஆகவே ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். தொலைதூரச் செய்தியைக் கொண்டுசெல்ல உயரமான இடங்களும், ஒரே திசையை நோக்கும் அன்ரனாக்களும், வேறு அலைவரிசையும் வேண்டியிருந்தன. உயரமான இடங்கள் தேவாலயக் கோபுரங்களே. பிரீட்ரிக்ஸ்ஹைனிலுள்ள சமாரிட்டர் தேவாலயம் அவற்றுள் ஒன்று. கிழக்கு ஜேர்மனியின் இறுதிக் காலத்தில் 'புளூஸ்' இசை வழிபாடுகள் மூலம் அதிருப்தியுற்ற இளைஞருக்கு இடமளித்த ஆலயம் அது. பேச இடமில்லாதவர்க்கு ஒரு காலத்திற் கூடத்தைக் கொடுத்தது, பிற்காலத்திற் கோபுரத்தைக் கொடுத்தது.

எனினும் இவ்வலையின் உயிர் கருவியில் இல்லை, உடன்பாட்டில் இருக்கிறது என்பதே நமது கருத்து. பல நாட்டு வலையமைப்பாளரும் கூடி ஆக்கிய 'பிக்கோ பியரிங்' உடன்படிக்கையின் விதிகள் சிலவே. என் கருவி வழியாகப் பிறர் செய்தி கட்டணமின்றிச் செல்ல விடுவேன். செல்லும் செய்தியிற் கைவைக்க மாட்டேன். இணைய விரும்புவோர்க்கு வேண்டிய விபரங்களைப் பகிரங்கப்படுத்துவேன். தொடர்பு கொள்ளக்கூடியவனாக இருப்பேன். ஆனால் சேவை இடையறாது கிடைக்குமென்று உத்தரவாதந் தர மாட்டேன். கருவி அவரவர் உடைமை. அதன் ஊடாகச் செல்லும் வழியோ பொதுவழி. வயல் தனியாருடையதாயினும் வரம்பு வழியே ஊரார் நடந்து போவதைத் தடுக்காத வழக்கம் நமக்குப் புதியதன்று. புதன்கிழமை தோறும் ஸ்பிறே ஆற்றங்கரையிலுள்ள 'சி-பேஸ்' கழகத்தில் அவர்கள் கூடினர். கருவியோடு வந்தவர் மென்பொருளைப் பெற்றுச் சென்றார். கற்றவர் அடுத்த வாரம் கற்பித்தார். 1924 இன் தொழிலாளர் கழகத்தை இங்கே நாம் நினைவுகூராதிருக்க முடியாது.

சில நூறு கூரைகளாக வலை வளர்ந்தபோது சட்டம் குறுக்கிட்டது. 2010 மே 12 ஆந் திகதி ஜேர்மனியின் உயர் சமஷ்டி நீதிமன்றம் ஒரு தீர்ப்பை வழங்கியது. ஒருவர் விடுமுறையிற் சென்றிருந்த வேளை, அவர் வீட்டு வைஃபை மூலம் எவரோ பாடலொன்றைக் களவாகப் பகிர்ந்தனர். செயலைச் செய்தவர் வீட்டுக்காரர் அல்லர். ஆயினும் உரிய கடவுச்சொல்லாற் பூட்டி வைக்காத குற்றத்துக்காக எச்சரிக்கைச் செலவை அவர் ஏற்றல் வேண்டும் என்று தீர்க்கப்பட்டது. கதவைத் திறந்து வைப்பதே தவறென்றாயிற்று. தகரப் பேணி கொண்டு அன்ரனா செய்தவர்கள் இதற்கும் அஞ்சவில்லை. பொதுமக்களின் இணையப் போக்குவரத்தைச் சுரங்கப் பாதை போன்ற இணைப்புகள் மூலம் சுவீடன் முதலிய நாடுகளுக்குக் கடத்தி, அங்கிருந்து வெளிவிட்டனர். 2003 இல் நிறுவிய தமது சங்கத்தின் பெயரால் சட்டத்திருத்தம் கோரினர். 2015 இல் அகதிகள் பெருந்தொகையாக ஜேர்மனிக்கு வந்தபோது, பல நகரங்களில் அகதி விடுதிகளுக்கு இணையத்தை முதலிற் கொண்டுசென்றோருள் பிரைஃபுங்க் தொண்டரும் அடங்குவர். தாயோடு பேசத் துடித்த இளைஞனுக்கு அதன் பெறுமதி என்னவென்பதை, போரினாற் சிதறுண்ட குடும்பங்களைக் கொண்ட நமது மக்கள் எளிதில் உணர்வர். இறுதியில் 2017 ஒக்ரோபர் 13 ஆந் திகதி நடைமுறைக்கு வந்த திருத்தம் அப்பொறுப்பை நீக்கிற்று. 1924 இல் மூடப்பட்ட கதவில் ஒரு சிறு பலகை கழன்றது.

இங்கே வெற்றிப் பாட்டுப் பாடி முடித்துவிடல் நேர்மையாகாது. பிரைஃபுங்க் 400 அளவான ஊர்களுக்குப் பரவியது உண்மை. ஆனால் வேக இணையம் கிழக்குப் பேர்லினுக்கும் வந்து, கைத்தொலைபேசி இணையமும் மலிந்தபின், கூரைக்குக் கூரை இணைய வேண்டிய கட்டாயம் தளர்ந்தது. பல ஊர்களில் அது பின்னல் வலையாக இல்லாமல், கம்பனி இணைப்பொன்றை வழிப்போக்கருக்கு இலவசமாகத் திறந்துவிடும் சேவையாகச் சுருங்கியது. அதனை அமைத்தோரிற் பெரும்பான்மையினர் படித்த இளைஞர், தொழிலாளர் சிலரே. கருவி பழுதானால் கூரையேறும் உழைப்பு எப்போதும் ஒரு சிலர் தலையிலேயே விழுந்தது. தேவை தீர்ந்ததும் தோழமையும் தளரும் என்றால், அத்தோழமை எதன்மேற் கட்டப்பட்டிருந்தது என்று வினவுதல் நமது கடமையாகும். பலமாக இருந்தவை, உடன்படிக்கையும் வாராந்தக் கூட்டமும் நிலைத்த இடங்களே.

இது முதலாளித்துவ நாட்டின் சிக்கல் மட்டுமே என்று நண்பர் சிலர் கருதலாம். அவர்கள் கியூபாவின் தலைநகர் ஹவானாவையும் நோக்குதல் வேண்டும். இணையம் அரிதாயிருந்த அந்நகரில், 2001 அளவிலிருந்து இளைஞர் வீட்டுக்கு வீடு கேபிளும் வைஃபையும் கொண்டு 'எஸ்நெற்' என்னும் தெருவலையை வளர்த்தனர். அதனைப் பல்லாயிரவர் பயன்படுத்தினர். அமெரிக்கத் தடையினால் நலிந்த நாட்டில் அஃது ஓர் அரிய சாதனை. 2019 ஜூலை 29 இல் நடைமுறைக்கு வந்த விதிகள் தனியார் வலைகளுக்கு உரிமங்களும் எல்லைகளும் வகுத்தன. எஸ்நெற் அவ்வெல்லைகளுள் அடங்கவில்லை. அவ்வாண்டே அரசின் இளைஞர் கணினிக் கழகங்களின் வலையோடு அது இணைக்கப்பட்டது. தொடர்ந்து இயங்கியது உண்மையே. எனினும் கட்டியவர் கையிலிருந்து அது நழுவியது. மக்கள் பெயரால் ஆளும் அரசும், மக்கள் தாமே கட்டியதை அவர்களிடமே விட்டுவைக்கத் தயங்குகிறது. இதை ஒளிக்காது பேசுவதே முற்போக்காளரின் பண்பு.

இனி நமது நாட்டுக்கு வருவோம். இலங்கை வானொலியின் தொடக்கமே ஜேர்மனியோடு தொடர்புடையது. 1920களில் எட்வேர்ட் ஹாப்பர் கொழும்பில் நடத்திய முதற் பரிசோதனைகளில், பிடிபட்ட ஜேர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானலைக் கருவி உறுப்புகள் பயன்பட்டன என்பர். போர்க்கருவி பாட்டுக் கருவியாயிற்று. ஆயினும் குரலின் திசை மாறவில்லை. 1989 இல் ஆரம்பமான கொத்மலை சமூக வானொலியில், 1990களின் இறுதியில், கேட்போர் அனுப்பிய வினாக்களுக்கு இணையத்தில் விடை தேடி ஒலிபரப்பில் விளக்கினர். அங்கே திசை சற்று மாறிற்று. 2006 இல் அனுராதபுர மாவட்டத்தில் வில்பத்துக் காட்டோரக் கிராமமாகிய மஹவிலச்சியவில் ஒரு பின்னல் வலை அமைக்கப்பட்டு, பிள்ளைகளின் வீடுகள் கம்பியின்றி இணைக்கப்பட்டன. அதற்கு நிலைக்களமான 'ஹொரைசன் லங்கா' ஓர் ஆங்கில ஆசிரியரின் முயற்சியால் உருவானது. ஆசிரியர்களாகிய நாம் இதனைக் கவனித்தல் வேண்டும்.

ஏனெனில், 2020, 2021 ஆம் ஆண்டுகளிற் பாடசாலைகள் மூடப்பட்டுக் கிடந்தபோது நாம் கண்டதென்ன? மாணவர் பாறை மேலும் மர உச்சியிலும் ஏறி அலைவரிசை தேடினர். ஆசிரியரும் உடன் ஏறினர். ஒரே கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்டனர். கம்பனியின் கோபுரம் எங்கே நிற்க வேண்டும் என்பதை வருவாய் தீர்மானித்தது. எந்தப் பிள்ளை படிக்க வேண்டும் என்பதைக் கோபுரம் தீர்மானித்தது. அந்நாட்களில் நமது கிராமங்களிற் கூரைகள் இல்லாமற் போகவில்லை. கூரைகளை இணைக்கும் எண்ணமே இல்லாதிருந்தது.

பின்னல் வலை இணையத்தைத் தானே உற்பத்தி செய்வதில்லை. வெளியுலக இணைப்பு ஒன்றேனும் எங்காவது ஓரிடத்தில் வேண்டும். ஆனால் அவ்விணைப்பு அறுந்தாலும் வலை இறப்பதில்லை. பாடசாலையில் ஒரு கணினியை வைத்து, அதிற் பாடநூல்களையும் ஒலிப்பதிவுகளையும் சேமித்தால், சுற்றியுள்ள வீடுகளுக்கு அவை கட்டணமின்றியே செல்லும். மாணவரின் விடைகளும் அதே வழியாகத் திரும்பி வரும். நமது நாட்டின் சட்ட விதிகளை முதலில் அறிதல், உயரமான கூரைகளைக் கணக்கெடுத்தல், பழுது பார்க்கப் பத்துப் பிள்ளைகளைப் பயிற்றுதல், எல்லாவற்றுக்கும் மேலாக அயலவர் கூடி ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளும் உடன்பாடு ஆகியவையே தொடக்க வேலைகள். கருவிகள் அவற்றின்பின் வரட்டும்.

1918 இன் சிப்பாயும், 1924 இன் தொழிலாளியும், 1932 இன் கவிஞனும் கேட்டது ஒன்றே: கேட்பவனுக்கும் பேசும் வாய்ப்பு வேண்டும். கருவி இன்று நம் கையில் இருக்கிறது. இதற்கு மேலும் நாம் கேட்டுக்கொண்டு மட்டுமே இருப்போமாயின், பழியைக் கம்பனியின் மீதோ அரசின் மீதோ மட்டும் சுமத்துதல் நியாயமாகாது.